எலிக்காரன் வீட்டுப் புளிப்பு

“அம்மா, கசிமீர் வீட்டுப் போப்போய்க் களிக்குள்ள எலி இருக்குமா?”

மிரியாமா இதைக் கேட்டபோது அவளுக்கு முன்பல் விழுந்திருந்த வயது. கேட்ட இடம், நடுக்கடல் தீவு ஒன்றில் ஹானே என்ற ஊரின் கோயில் வாசல். ஞாயிற்றுக்கிழமை ஜெபம் முடிந்து வெளியே வந்த சனம், குதிரைகளை அவிழ்த்துக்கொண்டும் அடுத்தவர் உடுப்பைக் குறை சொல்லிக்கொண்டும் நின்ற நேரம். கசிமீரும் அவன் மனைவி அந்தோனியாவும் கை நீட்டினால் தொடும் தூரத்தில் நின்றார்கள். பிள்ளைக்கோ கணீரென்ற குரல்.

சுற்றிலும் ஒரு சிரிப்பு ஓடியது. பிள்ளையின் தாய் செராஃபின் சிரிக்கவில்லை. பிள்ளையை அதட்டவும் இல்லை. “அவங்க வீட்டுல சாப்பிட்டவங்க யாராவது இருந்தா கேட்டுச் சொல்றேன்” என்றாள். இரண்டாவது சிரிப்பு முதல் சிரிப்பைவிடப் பெரிதாக எழுந்தது.

கசிமீர் குனிந்து பிள்ளையின் முகத்தைப் பார்த்தான். “இல்ல பாப்பா. தேங்காப்பால்தான் இருக்கும். ஒரு நாள் வந்து பாரு.”

செராஃபின் பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தாள்.

அவளை ஊரில் யாரும் கெட்டவள் என்று சொல்ல மாட்டார்கள். ஜெபமாலையை ஒரு நாள் விட்டவள் இல்லை. மாதா சுரூபத்துக்கு வாரம் தவறாமல் பூமாலை கட்டுகிறவள். ஆனால் அவள் கண்ணுக்கு மனிதர்கள் எல்லாரும் ஒரு படி கீழேதான் தெரிந்தார்கள். வைப்பாயே ஊர்க்காரர்கள் கப்பல்துறை தங்களிடம் இருப்பதாலேயே தலைக்கனம் பிடித்தவர்கள். ஹொகாத்து ஊர்க்காரர்கள் நாள் முழுக்க மரத்தைச் செதுக்கி, கப்பலில் வரும் வெள்ளைக்காரர்களிடம் பல்லிளிப்பவர்கள். எதிர்த்தீவான ஊவா போவில் இருப்பவர்கள் பாட்டுப் பாடியே பொழுதைப் போக்குபவர்கள். அதற்குச் சாட்சியாக, அந்தத் தீவில் பிறந்து வீட்டோடு மாப்பிள்ளையாக வந்த தன் கணவன் பர்னபேயையே காட்டுவாள். இத்தனை பேருக்கும் கீழே, தரையோடு தரையாக, கசிமீர் இருந்தான்.

அவனை எலிக்காரன் என்றுதான் சொல்வார்கள். சுற்றியுள்ள பெரிய தீவுகளில் எல்லாம் கப்பல் எலி, அந்தக் கறுப்பு எலி, எப்போதோ ஏறிவிட்டது. இந்தத் தீவில் மட்டும் ஏறவில்லை. இங்கே இருப்பது தரையோடு ஓடும் சின்ன எலிதான். அது மரத்துக் கூட்டுக்குப் போகாது. அதனால்தான் பிஹீத்தி என்ற நீலக்கிளி இங்கே தென்னம்பூவிலும் வாழைப்பூவிலும் தலைகீழாகத் தொங்கித் தேன் குடிக்கிறது. சரக்குக் கப்பல் வரும் நாளில் கசிமீர் தன் நாய் லூலுவோடு வைப்பாயே துறையில் நிற்பான். இறங்கும் ஒவ்வொரு மூட்டையையும் நாய் மோந்து விட்டால்தான் ஊருக்குள் போகும். மற்ற நாளில் பொறி வைப்பான், விஷம் வைப்பான், செத்த எலியைப் புதைப்பான். எலி தொட்ட கை என்று அவன் கையால் யாரும் ஒன்றும் வாங்கித் தின்பதில்லை.

அந்த நாய் ஒருமுறை துறையில், எல்லார் முன்னாலும், செராஃபினின் கூடைக்குள் மூக்கை விட்டது. உள்ளே பங்குச் சாமியாருக்கென்று அவள் கட்டி வைத்திருந்த போப்போய். அவள் கூடையோடு எல்லாவற்றையும் கடலில் வீசிவிட்டுத் திரும்பி நடந்தாள். ஊர் அதைப் பல நாள் மெச்சிப் பேசியது.

அவள் வீட்டுப் புளிப்புக்குத் தீவு முழுக்கப் பேர். ஈரப்பலா மிஞ்சும் காலத்தில், பழுத்ததைத் தோல் நீக்கி, இலை விரித்த குழிக்குள் போட்டு, மேலே இலை மூடிக் கல்லை ஏற்றி வைப்பார்கள். அது உள்ளே கிடந்து புளிக்கும். வேண்டும்போது எடுத்துச் சுட்டு, புதுப் பழத்தோடு சேர்த்துக் கல் குழவியால் இடித்தால் போப்போய். புதுக் குழி போடுகிறவர்கள் பழைய குழியிலிருந்து ஒரு கட்டி கேட்டு வாங்கிப் போடுவார்கள். அந்தக் கட்டி விழுந்தால்தான் புதுக் குழிக்கு ருசியும் ஆயுசும். ஒரு வீட்டுக் கட்டி இன்னொரு வீட்டுக் குழிக்குப் போனால், அந்த இரண்டு வீடும் அதன் பிறகு உறவு. செராஃபினின் குழியின் அடியில் அவள் அம்மா போட்டதும், அவள் அம்மாவின் அம்மா போட்டதும் கிடந்தன.

கல்யாணமாகி ஹொகாத்திலிருந்து வந்த வருஷம், அந்தோனியா ஓலைக் கூடையோடு வந்து வேலிக்கு வெளியே நின்றாள். “அக்கா, ஒரு கை பழம்புளிப்பு குடுங்க. புதுக் குழி போடறோம்.”

“எலிக்குழிக்குப் போட எங்க வீட்டுல புளிப்பு கிடையாது, தங்கச்சி” என்றாள் செராஃபின். தங்கச்சி என்று சொன்னதால் மரியாதையாகத்தான் பேசினோம் என்று அவளுக்கு நினைப்பு.

இதெல்லாம் பழைய கதை. மிரியாமாவுக்குப் பல் முளைத்த பிறகு, மழை பொய்த்த ஒரு வருஷம் வந்தது. இந்தத் தீவே காய்ந்த தீவு. அந்த வருஷம் மலைமுகட்டுப் புல்லெல்லாம் சாம்பல் நிறமாகி, குதிரைகள் ஓடைப்பள்ளத்தில் இறங்கி ஈரமண்ணை நக்கின. ஆடுகள் கோயில் சுவர் நிழலில் படுத்துக்கொண்டு எழுந்திருக்க மறுத்தன. ஈரப்பலா மரங்கள் கோழிமுட்டை அளவிலேயே பிஞ்சுகளை உதிர்த்துவிட்டன.

பார்த்து அந்த வருஷம்தான் பெரிய விருந்தும் வந்தது. தீவின் கல்மேடைகளையும், மேலே காட்டுக்குள் நிற்கும் பழைய தெய்வச் சிலைகளையும், நீலக்கிளியையும் உலகத்துக்கே சொத்து என்று அறிவித்திருக்கிறார்களாம். அதைப் பார்க்கக் கடல் கடந்து ஆட்கள் வருகிறார்கள். மூன்று ஊர்களும் பன்றிபோல் உறுமி ஆடும் பன்றி நடனத்தைப் பழகின. ஊருக்கு ஒரு பெரிய மரத்தட்டில் போப்போய் வைக்க வேண்டும். ஹானேயின் தட்டு எப்போதும் முதலில் இருக்கும். அது எப்போதும் செராஃபின் வீட்டுத் தட்டு.

“எங்க தாத்தன் தூக்கி வச்ச கல்லை உலகத்துச் சொத்துன்னு சொல்ல இவங்க யாரு?” என்றாள் செராஃபின், மரத்தட்டுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டே. “ரெண்டு நாள் வருவான், கொசுக்கடிக்குச் சொறிவான், போட்டோ பிடிப்பான், போவான்.”

“அப்ப எதுக்கு இந்தத் தேய்ப்புத் தேய்க்கிற?” என்றான் பர்னபே. “பழம் இல்ல. இந்தத் தடவை ஹொகாத்துக்காரி ரோசாலி தட்டு முன்னால இருந்துட்டுப் போகட்டும்.”

“ரோசாலி இடிக்கிறது போப்போயா? சுவத்துக்குப் பூசுறது.”

“அவங்க ஓடைப்பக்க மரத்துல நாலு காய் நிக்குது. நம்ம மரத்துல இலைகூட நிக்கல.”

பர்னபே தூண்டில் நரம்பைச் சுற்றிக்கொண்டே, காற்றிடம் சொல்வது போலச் சொன்னான். “எங்க அண்ணன் தோட்டத்துல காய்ச்சுத் தொங்குதாம். தின்ன ஆளில்லாம பன்னிக்குப் போடறானாம்.”

“ஊவா போ பழத்தை ஹானே தட்டுல வைக்கச் சொல்றியா? உனக்கு வெக்கமில்லாட்டி எனக்கும் இருக்காதா?”

“நான் ஒண்ணும் சொல்லல தாயே.”

மத்தியான வெயில் சாயும் வரை அவள் தட்டையே தேய்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள். “உன் படகுல எத்தனை மூட்டை தாங்கும்?”

பர்னபே சிரிப்பை அடக்க நரம்பைப் பல்லால் கடித்தான். “வேணுங்கிறது தாங்கும். வெள்ளனே போனா மத்தியானத்துக்குள்ள வைப்பாயே துறையில இறக்கிடலாம். நாய் மோந்து பார்க்கிறது ஒரு நிமிஷம்.”

“துறையில இறக்கினா சாயங்காலத்துக்குள்ள ஹொகாத்து வரைக்கும் போயிரும், செராஃபின் ஊவா போ பழம் வாங்கினான்னு. அதுவுமில்லாம, அந்த நாய் மூக்கு பட்டதை நான் விருந்துக்கு இடிக்க மாட்டேன். இங்க நம்ம கரையிலயே இறக்கு.”

“அது தப்பு, செராஃபின்.”

“எலிக்காரன் உனக்கு என்ன, சாமியாரா?”

சனிக்கிழமை, ஊர் முழுக்க நடனப் பழக்கத்துக்குப் போயிருந்த நேரம் பார்த்து, பர்னபே அலையில் படகைச் சாய்த்துச் சாய்த்துக் கொண்டுவந்தான். மூட்டைகளை முதுகில் ஏற்றிச் சமையல் கொட்டகைக்குள் போட்டான். பழம் நல்ல பழம். பெருத்து, பால் கட்டி, தோலில் புள்ளி விழுந்திருந்தது. ஊவா போ பழம் என்பதை மறந்து செராஃபின் ஒன்றைக் கையில் ஏந்திப் பார்த்தாள். அடுத்த மூட்டையின் வாயைப் பிரித்தாள்.

உள்ளேயிருந்து கறுப்பாக ஒன்று அவள் மணிக்கட்டின் மேல் ஏறி, தோளைத் தொட்டு, சுவருக்குத் தாவி, கூரைக்கழியில் ஓடி, கொட்டகைக்குப் பின்னால் நின்ற தென்னையில் ஏறி மறைந்தது. வால் மட்டும் ஒரு கணம் தொங்கியது. உடம்பைவிட நீளமான வால். மூட்டைக்குள் பழங்கள் பாதி குடையப்பட்டிருந்தன.

பர்னபே சாக்கைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றான். “எங்க ஊர் எலி” என்றான்.

“தெரியுது. உன்னை மாதிரியே சொல்லாம கொள்ளாம வந்து ஏறிக்கிச்சு.”

“விளையாடாதே. அதுக்கு வயிறு பெருத்திருந்தது. பார்த்தியா?”

“ஒரு எலி. ஒரே ஒரு எலி. அதுக்கு இந்த முழி முழிக்கிற.”

பர்னபே உட்கார்ந்தான். அவன் அதிகம் பேசுகிறவன் என்று அவள் சொல்வாளே தவிர, அன்று மெதுவாகத்தான் பேசினான். “எங்க தீவுலயும் பிஹீத்தி இருந்துச்சாம். எங்க அப்பாவோட பெரியப்பா பார்த்திருக்காரு. நான் பார்த்ததே இல்ல. இங்க உன்னைக் கட்டிட்டு வந்த அன்னைக்குத்தான், இந்தக் கொல்லை வாழையில முதல்முதலா பார்த்தேன். முட்டை இருக்கிற பொந்துக்குள்ள இந்தச் சனியன் ஏறிப் போகும். அவ்வளவுதான். கசிமீர்கிட்ட சொல்லிடு.”

“நானா? அவன்கிட்டயா? அவன் வைப்பாயே ஆபீசுல போய்ச் சொல்லுவான். விருந்தன்னிக்கு எல்லார் முன்னாலயும் என் தட்டைக் கவுப்பாங்க. உன் படகைப் பிடுங்குவாங்க. பேசாம இரு.”

அன்று மாலை ஜெபமாலையில் எந்த மணியில் நிற்கிறோம் என்று அவளுக்குத் தவறிப்போனது. மூன்றுமுறை தொடக்கத்திலிருந்து சொன்னாள். மறுநாள் காலையில் அவள் கண்விழித்தபோது மிரியாமா வழக்கம்போல் கொல்லையில், வாழைப்பூவுக்குக் கீழே, வாயைத் திறந்துகொண்டு நின்றாள். மேலே இரண்டு நீலக்கிளிகள். பூவிலிருந்து தேன் சிந்தினால் நாக்கில் விழும் என்று அந்தப் பிள்ளைக்கு ஒரு நம்பிக்கை. செராஃபின் தென்னையைப் பார்த்தாள், பிள்ளையைப் பார்த்தாள். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு கடற்கரைப் பக்கம் நடந்தாள்.

கசிமீரின் முற்றம் பெருக்கிச் சுத்தமாக இருந்தது. அது அவளுக்கு எரிச்சலைத்தான் தந்தது. அந்தோனியா அடுப்படியிலிருந்து நிமிர்ந்து, “வாங்க, சாப்பிடுங்க” என்றாள். தீவில் எந்த வீட்டிலிருந்தும் வழியில் போகிறவரைப் பார்த்து வரும் குரல்தான். இந்த வாசலிலிருந்து வந்த அந்தக் குரலுக்குச் செராஃபின் இத்தனை வருஷமும் காது கேளாதவள் போலப் போயிருக்கிறாள். இன்று காரியமாக வந்த இடம். உட்கார்ந்தாக வேண்டியிருந்தது.

எலுமிச்சையும் தேங்காப்பாலும் ஊற்றிய பச்சை மீனும், ஒரு சின்ன மரக்கிண்ணத்தில் போப்போயும் வந்தன. செராஃபின் விரலால் ஒரு துளி எடுத்து வாயில் வைத்தாள். சுத்தமான பண்டம்தான். ஆனால் உப்பில்லாத கஞ்சி போல, நாக்கில் ஒன்றுமே எழும்பவில்லை.

“புளிப்பு ஏறறதே இல்லக்கா” என்றாள் அந்தோனியா. “வருஷா வருஷம் குழி போடறேன். பழங்கட்டி இல்லாத குழி. வெறும் தண்ணியாத்தான் நிக்குது.” குத்திச் சொன்னாளா, சும்மா சொன்னாளா என்று முகத்தில் தெரியவில்லை.

செராஃபின் அந்தக் கிண்ணத்தைக் காலி செய்தாள். பிறகு கசிமீரைப் பார்த்து, உத்தரவு போடுகிறவள் போலச் சொன்னாள். “எங்க கொட்டகைத் தென்னையில கறுப்பா ஒண்ணு ஏறிக்கிச்சு. வந்து பாரு.”

கசிமீரின் கை நின்றது. “வால் உடம்பைவிட நீளமாக்கா?”

“ஆமா.”

எங்கிருந்து வந்தது, யார் கொண்டுவந்தது என்று கேட்பான் என்று காத்திருந்தாள். பதிலுக்கு ஒரு ஏச்சைக்கூட நாக்கில் தயாராக வைத்திருந்தாள். அவன் கேட்கவில்லை. “சாக்கெல்லாம் கொளுத்திடுங்க. பழத்தை உரிச்சு உடனே அடுப்புல போட்டுடுங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு நாயைக் கூப்பிட்டான்.

லூலு தென்னையைச் சுற்றி வந்து, அடிமரத்தில் முன்காலை வைத்து, அண்ணாந்து உட்கார்ந்துகொண்டது. கசிமீர் பக்கத்து மரங்களுக்கெல்லாம் தகரப்பட்டை சுற்றினான், எலி தாவிப் போய் ஏறிவிடாதபடி. வேலிக்கு அப்பாலிருந்து ஒருவன், “என்ன எலிக்காரா, செராஃபின் அக்கா உன்னை உள்ள விட்டுடுச்சா? சூரியன் எந்தப் பக்கம் உதிச்சுது?” என்று கேட்டான்.

“தகரம் துருப்பிடிச்சிருக்கு. மாத்தறேன்” என்றான் கசிமீர்.

பொறியில் தேங்காய் வைத்தான், எலி வரவில்லை. கருவாடு வைத்தான், சின்ன எலிதான் விழுந்தது. விருந்துக்கு முதல் நாள் மாலை, பொறியைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்து நின்றான். அந்தோனியா பக்கத்தில் தகரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“தேங்கா மேலேயே குடியிருக்கிறவளுக்குத் தேங்கா எதுக்கு?” என்றான். “புது வாசனை ஏதாவது வேணும். காத்துல மேல போற வாசனை. அக்கா, ஒரு கை பழம்புளிப்பு குடுங்க.”

அவன் அறியாமல்தான் கேட்டான். ஆனால் அதே வார்த்தைகள், அதே வரிசையில். அந்தோனியா சட்டென்று தரையைப் பார்த்தாள். செராஃபின் குழியருகே போய், கல்லை இறக்கி, இலையை விலக்கி, ஒரு கை நிறைய அள்ளிக்கொண்டு வந்தாள். அந்தப் பெண்ணுக்கு இல்லையென்று சொன்னதை, அந்தப் பெண்ணின் கண் முன்னால், எலிக்குக் கொடுத்தாள்.

கசிமீர் அதைப் பொறிக்குள் வைத்து மரத்தில் கட்டினான்.

விருந்து நாள் காலையில் கசிமீர் மூடிய வாளியோடு வேலியோரம் வந்து நின்றான். “விழுந்துடுச்சுக்கா. இன்னும் நாலஞ்சு நாள்ல போட்டிருக்கும், வயித்துல அவ்வளவு குட்டி.” போகத் திரும்பியவன் நின்று, “நல்ல புளிப்புக்கா” என்றான். அதில் கேலி இல்லை.

விருந்தில் ஹானேயின் தட்டுத்தான் முதலில் இருந்தது. வந்தவர்கள் கரண்டி நுனியில் தொட்டு நக்கி, முகம் கோணாமல் இருக்கப் பெரும்பாடு பட்டு, அற்புதம் என்றார்கள். கால்சட்டைக்குக் கீழே பூச்சி கடித்த கால்களைச் சொறிந்துகொண்டே கல்மேடைகளைப் புகழ்ந்தார்கள். வேறு சமயமாக இருந்தால் செராஃபின் இதை வைத்து ஒரு மாதம் சிரித்திருப்பாள்.

“எப்படிக்கா, இந்த வெயில்ல உங்க மரம் மட்டும் காய்ச்சுது?” என்று ஹொகாத்து ரோசாலி எல்லார் காதிலும் விழக் கேட்டாள். “ஜெபமாலையை மரத்துல கட்டித் தொங்கவிட்டீங்களா?”

“குடுக்கிறவர் குடுத்தாரு” என்றாள் செராஃபின். ஆண்டவர் பேரைப் பொய்க்கு இழுத்த கூச்சம் நெஞ்சில் முள்ளாக நின்றது.

அப்போதுதான், வந்தவர்களில் பெரியவர் ஒருவர் கசிமீரைப் பார்த்து, தீவுக்குள் கறுப்பு எலி வந்திருக்கிறதா என்று கேட்டார். செராஃபினின் கையிலிருந்த அகப்பை தட்டில் இடித்தது. கசிமீர் அவள் பக்கம் திரும்பவே இல்லை.

“இன்னைக்கு இந்தத் தீவுல கறுப்பு எலி கிடையாதுங்க” என்றான்.

அது முழு உண்மை. எல்லாரும் கை தட்டினார்கள். கூட்டத்தில் ஒருவன், “கையைக் கழுவிட்டு வாய்யா எலிக்காரா, இல்லன்னா தட்டுப் பக்கம் வந்துடாதே” என்றான். சிரித்தார்கள். கசிமீரும் சேர்ந்து சிரித்தான். பிறகு அந்தோனியாவும் அவனும் இலையில் கொஞ்சம் பன்றிக்கறி வாங்கிக்கொண்டு, நாயோடு தூரத்து மரத்தடிக்குப் போனார்கள். வாங்க, சாப்பிடுங்க என்று கூப்பிட செராஃபினுக்கு ஒரு மூச்சுப் போதும். அகப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ரோசாலி பார்த்துக்கொண்டிருந்தாள். செராஃபின் கூப்பிடவில்லை.

தன்னைத் தானே கீழாகப் பார்ப்பது எப்படி இருக்கும் என்று அவளுக்கு அதற்கு முன் தெரியாது.

மறுவருஷம் மழை வந்தது. ஓடை புரண்டு ஓடியது. ஈரப்பலா காய்த்து, பழுத்து, தின்றும் கொடுத்தும் தீராமல் விழுந்தது. வீட்டுக்கு வீடு குழி போட்டார்கள். அந்தோனியாவும் போட்டாள். யாரிடமும் கட்டி கேட்டுப் போகவில்லை.

குருத்து ஞாயிறன்று பூசைக்குச் சாமியார் படகில் வந்திருந்தார். எப்போதோ ஒருமுறை கிடைக்கும் பூசை. ஊரில் படுத்த படுக்கையாகக் கிடப்பவர்கள்கூடக் கோயிலுக்குப் போவார்கள். செராஃபின் தலையில் ஈரத்துணியைக் கட்டிக்கொண்டு படுத்திருந்தாள்.

“நீயா? பூசைக்கு வரலியா?” என்றான் பர்னபே.

“தலை வெடிக்குது. பிள்ளையைக் கூட்டிட்டுப் போ.”

மணி அடித்து, கடைசிக் குதிரையின் குளம்புச் சத்தமும் அடங்கியது. எழுந்து கொல்லைக்குப் போனாள். குழியின் கற்களை இறக்கினாள். மேலாக இருந்ததை ஒதுக்கிவிட்டு, முழங்கை வரை கையை விட்டு, அடியில் இறுகிக் கிடந்ததைத் தோண்டினாள். அம்மா காலத்துப் புளிப்பு. மஞ்சள் பாரித்து, மூக்கைச் சுள்ளென்று தாக்கியது. ஒரு கை அல்ல, இரண்டு கையும் கொள்ளும் அளவு எடுத்து இலையில் பொதிந்தாள்.

பாதையில் போகாமல் ஓடைக்குள் இறங்கிக் கல் மேல் கல்லாக நடந்தாள். கசிமீர் வீட்டில் ஒருவரும் இல்லை. நாயும் இல்லை, அது எப்போதும் கோயில் படியில் கிடந்து அவனுக்காகக் காத்திருக்கும். வீட்டுக்குப் பின்னால் அந்தோனியாவின் குழி. கற்களை ஒவ்வொன்றாக, எது எதன் மேல் இருந்தது என்று பார்த்து, வரிசையாகக் கீழே வைத்தாள். இலைகளை விரித்தாள். உள்ளே வெளுத்து, நீர்விட்டு நின்றது. கட்டியை உடைத்து உள்ளே போட்டு, அடிவரை கை போகும்படி கலந்தாள். கோயிலிலிருந்து பாட்டு, காற்று வீசும்போது மட்டும் வந்துவந்து போனது. குனிந்தபடியே அவளும் உதட்டுக்குள் பாடினாள்.

இலையை மடிப்புப் பிசகாமல் மூடினாள். கற்களை வரிசை மாறாமல் ஏற்றினாள். கடைசிக் கல்லின் பாசி பிடித்த பக்கம் மேலே இருந்தது. அதை அப்படியே வைத்தாள்.

வீட்டுக்கு வந்து எலுமிச்சையைப் பிழிந்து கையைக் கழுவினாள். வாசனை போகவில்லை. ஆட்டுக்கறியை அடுப்பில் ஏற்றி, தேங்காப்பால் பிழிந்துகொண்டிருந்தபோது பர்னபேயும் மிரியாமாவும் குருத்தோலைகளோடு வந்தார்கள்.

“தலைவலி எப்படி இருக்கு?” என்றான் பர்னபே.

“விட்டுடுச்சு” என்றாள்.